பேசும் தராசு வாழ்க!

100 கிராம் வெண்ணெய் என்றால் 100 கிராம்தான். 95-ம் கிடையாது, 110-ம் கிடையாது. இதில் என்ன பெருமை என்று கண் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். எனக்குப் பார்வை இல்லை. வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் சுடுகிறேன், காலனியில் ஆர்டர் எடுத்து விற்கவும் செய்கிறேன். என் அடுக்களை மேடையில் ஒரு தராசு இருக்கிறது. மாவைக் கொட்டினால் எடையை வாய்விட்டுச் சொல்லும். அதன் அருமை பெருமையை நான் ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். உட்காருங்கள்.

நாங்கள் இருப்பது ஹைதராபாத்தின் மேற்குக் கோடியில், ராமச்சந்திராபுரத்தில். பேப்பரில்தான் ராமச்சந்திராபுரம், ஆட்டோக்காரர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் ஆர்.சி.புரம். பி.எச்.இ.எல். ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர். திருச்சியிலும் பி.எச்.இ.எல். உண்டு என்பதால் திருவெறும்பூர் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களை இங்கே பார்க்கலாம். நாங்களும் அந்த வகை. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. முதலில் இருட்டில் தடுமாற வைத்து, பிறகு பக்கப் பார்வையைச் சுருக்கி, கடைசியில் நடுவில் மிஞ்சியதையும் எடுத்துக்கொண்ட பரம்பரை வியாதி. அந்தக் கதை இங்கே வேண்டாம். தராசுக்கு வருவோம்.

சாதாரணச் சமையலுக்குத் தராசு யாருக்கு வேண்டும்? கடுகு வெடிப்பது காதுக்குத் தெரியும். வெங்காயம் வதங்கியது மூக்குக்குத் தெரியும். சப்பாத்தி மாவின் பதம் விரலுக்குத் தெரியும். இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து, தலைதட்டிப் போட்டால் ஆயிற்று. உப்பு குறைந்தால் பிறகு சேர்க்கலாம். புளி தூக்கினால் துளி வெல்லம் போடலாம். சாம்பார் நம் பேச்சைக் கேட்கும்.

கேக் கேட்காது. ஓவனுக்குள் போனதை நடுவில் ருசி பார்த்துத் திருத்த முடியுமா? முதலில் போட்டது போட்டதுதான். கப் கணக்கு சொல்லும் செய்முறைகளை நம்பினால் அதோகதி. மைதாவைச் சலித்து மெல்லத் தூவி நிரப்பினால் ஒரு கப் 120 கிராம் அளவில் நிற்கும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, ஏன், 150 கூட வரும். மூன்று கப் போடும் கேக்கில் 90 கிராம் வித்தியாசம். ஒன்று பஞ்சு, இன்னொன்று செங்கல்.

சிறுதானியத்துக்குப் போனால் இன்னும் கூத்து. எங்களுக்குப் பக்கத்து ஊரான பட்டஞ்செருவில்தான் 1972 முதல் இக்ரிசாட் இருக்கிறது; சோளம், கம்பு, கேழ்வரகு ஆராய்ச்சிக்கு உலகப் பேர் பெற்ற இடம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் காலனியில் எல்லோருக்கும் கேழ்வரகு குக்கீஸ் ஆசை வந்துவிட்டது. ஒரு கப் கேழ்வரகு மாவும் ஒரு கப் மைதாவும் ஒரே எடை இல்லை, குடிக்கும் தண்ணீரும் ஒன்றில்லை. எடை தெரியாமல் இதில் இறங்கவே முடியாது.

நாட்டு மளிகைக் கடையில் தொங்கிய இரட்டைத் தட்டுத் தராசை எண்ணிப் பாருங்கள். ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் சரக்கு. இரண்டு தட்டின் அடியிலும் விரலை வைத்தால் எது இறங்கியிருக்கிறது, எப்போது சமமாகிறது என்று கை சொல்லிவிடும். எடைக்கல்லின் அளவையும் உள்ளங்கை சொல்லிவிடும். கண் இல்லாதவரும் நியாயமாக எடை போடக்கூடிய கருவி அது. பிறகு எலெக்ட்ரானிக் தராசு வந்தது. தட்டு ஒன்றாயிற்று, எடைக்கல் காணாமல் போயிற்று, எடை முழுக்க ஒரு சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. உலகம் முன்னேறியது, எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு.

இப்போது பாதிச் சமையலறைகளில் இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தராசு, எஸ்.எஃப்-400, எங்கள் வீட்டிலும் இருந்தது. அதன் பொத்தான்களையாவது தடவிக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி மேல்தட்டு வைத்துப் பளபளவென்று வருபவற்றில் அதுவும் இல்லை; எங்கே தொட வேண்டும் என்றே தெரியாது. எதுவானாலும் எண்ணைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

"என்னங்க, கொஞ்சம் எண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

"ஏறக்குறைய இருநூறு."

பேப்பரை மடிக்காமல் வந்த பதில் அது. ஏறக்குறையவா! ஏறக்குறையத்துக்கு எனக்கு எதற்குத் தராசு?

போனை வைத்துச் சமாளிக்கலாமே என்பீர்கள். 2015-ல் வந்த பீ மை ஐஸ் அற்புதமான செயலிதான். வீடியோவில் அழைத்தால் எங்கிருந்தோ ஒரு தன்னார்வலர் நம் கேமரா வழியே பார்த்துச் சொல்வார். மருந்துச் சீட்டுக்கும் கரன்ட் பில்லுக்கும் நான் அதற்குக் கடமைப்பட்டவள். ஆனால் மாவுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், வெண்ணெய்க்கு ஒருவர் என்று ஊரைக் கூட்டி பிஸ்கட் சுடுவதா? மைக்ரோசாப்டின் சீயிங் ஏஐ போன்றவை அச்செழுத்தை நன்றாகப் படிக்கின்றன. தராசில் தெரிகிற கோடு கோடான எண்களோ வெளிச்சம் பட்டால் மினுங்கும், பாத்திர நிழலில் மறையும். ஒரு கையில் போன், ஒரு கையில் மாவு. எந்தக் கையால் கிளறுவது?

அப்போதுதான் என் நாத்தனார் மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது பேசும் தராசைக் கொண்டுவந்தான். பிரிட்டனில் ஆர்.என்.ஐ.பி. போன்ற பார்வையற்றோர் அமைப்புகள் இதைத் தங்கள் கடையிலேயே விற்கின்றன. 5 கிலோ வரை தாங்கும், கிராம் கிராமாகச் சொல்லும், தடவினால் தெரிகிற பொத்தான்கள், உள்ளே ஸ்பீக்கர். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவில் என் உலகமே திரும்பிவிட்டது!

எப்படி என்று காட்டுகிறேன். ஹைதராபாத்துக்கு வந்து உஸ்மானியா பிஸ்கட் சாப்பிடாமல் போனவர் உண்டா? இரானி சாயாவின் ஜோடி. இனிப்பும் உப்பும் சேர்ந்து, வாயில் வைத்ததும் கரையும். வீட்டில் அதைச் செய்ய நான் பிடிக்கும் கணக்கு இது: வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 60, மைதா 150, கஸ்டர்ட் பவுடர் 20, பால் பவுடர் 20, குங்குமப்பூ ஊறிய பால் 15, உப்பு 3 கிராம், ஏலக்காய்ப் பொடி இரண்டு சிட்டிகை.

தட்டில் கிண்ணத்தை வைக்கிறேன். பூஜ்யப் பொத்தானை அழுத்துகிறேன். "ஜீரோ." வெண்ணெயை வெட்டிப் போடுகிறேன். "எய்ட்டி சிக்ஸ் கிராம்ஸ்." இன்னும் ஒரு சீவல். "நைன்டி செவன்." கத்தி முனையில் கொஞ்சம். "ஹண்ட்ரட் கிராம்ஸ்." மறுபடி பூஜ்யம், அதே கிண்ணத்தில் சர்க்கரை, 60. அடித்துக் குழைத்துவிட்டு மறுபடி பூஜ்யம், மைதா 150. ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு பொத்தான். கப்புகள் வரிசை கட்டவில்லை, மேடையில் மாவு சிந்தவில்லை, கழுவ மலைபோல் பாத்திரமும் சேரவில்லை. இந்தப் பூஜ்யப் பொத்தானுக்கு நான் கோயிலே கட்டுவேன்.

பாலும் எண்ணெயும்கூட இனி எடையில்தான். கண்ணாடிக் குடுவையின் கோட்டைத் தேடி அலைய வேண்டாம். தண்ணீர் 100 மில்லி என்றால் 100 கிராம். பால் துளி கனம், 250 மில்லி ஏறக்குறைய 257 கிராம். எண்ணெய் லேசு, 100 மில்லிக்கு 92 கிராம் பக்கம். ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம். பழைய பவுண்ட் கேக் கணக்கும் இதனால் கைக்கு வந்துவிட்டது: முட்டைகளை உடைத்து எடை போடு, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மாவு. செய்முறைக் காகிதமே வேண்டாம்.

இதைவிடப் பெரிய வித்தை ஒன்று இருக்கிறது. பிசைந்த பிஸ்கட் மாவோடு கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் அழுத்துங்கள். இப்போது கிண்ணத்திலிருந்து ஒரு விள்ளல் எடுங்கள். "மைனஸ் எய்ட்டீன்." எடுத்தது 18 கிராம்! உருட்டித் தட்டில் வை, பூஜ்யம், அடுத்த விள்ளல். மேலே சொன்ன கணக்குக்கு ஒரே அளவில் இருபது உருண்டைகள் வரும். ஒரே அளவு என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். ஒன்று கருகி ஒன்று பச்சையாக நிற்காது. 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். முதல் தடவை தட்டைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்தபோது அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தார் போலிருக்கிறது, சத்தம் கேட்டது. "வதினா, நிஜங்கா மீரே தூச்சாரா?" என்றார். அண்ணி, நிஜமாகவே நீங்கள்தான் எடை போட்டீர்களா என்று. "நான் போடலை, அது சொல்லிச்சு, நான் கேட்டேன்" என்றேன்.

இன்னொரு குஷி சொல்லட்டுமா? அகலமான பாத்திரத்தைத் தராசில் வைத்தால் கண் தெரிந்தவர்களுக்கு எண் மறைந்துபோகும். குனிந்து, கழுத்தைத் திருப்பி, பாத்திரத்தின் அடியில் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. நிமிர்ந்து நின்றபடி கிளறுகிறேன். என் மகளுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. பெரிய கேக் என்றால் அவளும் என் தராசைத்தான் கடன் கேட்கிறாள்.

குறையே இல்லையா? உண்டு, மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானே அணைந்துவிடும்; நிதானமாக மாவு சலிப்பவர்கள் நடுவில் விரலால் தட்டைத் தொட்டு அதை எழுப்பி வைத்திருக்க வேண்டும். எடை நிலைத்த பிறகுதான் வாய் திறக்கும், ஆகவே எண்ணெயைக் கடகடவென்று ஊற்றாமல் ஊற்றி, நிறுத்தி, கேட்டு, ஊற்ற வேண்டும். சர்க்கரையைச் சன்னமாகத் தூவிக்கொண்டே இருந்தால் சில தராசுகள் ஏமாற்றும். மெல்ல மெல்ல ஏறும் எடையை 'இது வெறும் அசைவு' என்று நினைத்துப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அதற்கு மருந்து, கரண்டி கரண்டியாகப் போடுவது. ஈஸ்ட், பேக்கிங் பவுடர், உப்பு போன்ற ஐந்து கிராமுக்குக் கீழான சமாசாரங்களுக்கு நான் அளவு ஸ்பூன்தான். கத்தி முதுகால் தலைதட்டினால் போதும்.

பேச்சு ஆங்கிலத்தில் என்பது ஒன்றுதான் உறுத்தியது. அதற்கும் வழி பிறந்தது. எதிர்வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். தராசை நோண்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதில் மந்திரமே இல்லை" என்று விளக்கினான். தட்டின் கீழே ஒரு அலுமினியத் துண்டு. மேலே எடை ஏறினால் கண்ணுக்கே தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பட்டையின் மின்தடை அதற்கேற்ப மாறும். அந்த மாற்றத்தை ஒரு சிப் எண்ணாக்கும். எண் உள்ளே பிறந்துவிட்டது. அதைக் கண்ணாடிக்கு அனுப்புவதா, ஸ்பீக்கருக்கு அனுப்புவதா என்பதுதான் மிச்சம்.

எனக்கு நெஞ்சில் சுரீரென்றது. இத்தனை நாள் எனக்கு வேண்டிய எண் ஒவ்வொரு தராசுக்குள்ளும் இருந்திருக்கிறது! என்னிடம் சொல்லலாம் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் பேசும் தராசு ஒன்றைச் செய்தே விடலாம் என்று பையன் கோட்டியில் இருக்கும் குஜராத்தி கல்லிக்குப் போனான். இந்த ஊரில் எலெக்ட்ரானிக் சாமான் வேண்டுமென்றால் அங்கேதான். அந்த அலுமினியத் துண்டான லோட் செல், அதன் மாற்றத்தை எண்ணாக்கும் எச்.எக்ஸ்.711 என்ற சின்ன போர்டு, ஒரு அர்டுயினோ, மெமரி கார்டிலிருந்து ஒலியை எடுத்துப் பாடும் டி.எஃப்.பிளேயர், ஒரு குட்டி ஸ்பீக்கர். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டில் புழங்கும் மலிவுச் சாமான்கள். குரல்தான் வேண்டும். ஐந்து கிலோ வரைக்கும் தமிழில் எண் சொல்ல எத்தனை ஒலித்துண்டு தேவை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை 99. நூறு, இருநூறு என்று 9. நூத்தி, இருநூத்தி என்று இன்னும் 9. ஆயிரங்களுக்குச் சில. பூஜ்யம், மைனஸ், கிராம். எல்லாம் கூட்டினால் 130-க்குள் அடங்கிவிட்டது.

யார் குரல்? வீட்டில் கணீரென்ற குரல் என் மாமியாருடையது. திருச்சித் தமிழ். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒரே உட்காரலில் போனில் பதிந்து கொடுத்தார்கள். மளிகைக் கடையில் அரைக் கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி வந்து பையன் அளவைச் சரிசெய்தான். இப்போது மைதாவைக் கொட்டினால், "நூத்தி நாப்பத்தெட்டு கிராம்!" என்று என் அத்தை குரல் மேடையிலிருந்து அதட்டுகிறது. இன்னும் ரெண்டு கிராம் போடாமல் இருக்க எனக்குத் தைரியம் உண்டா? அவர்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளிலும் அடுக்களையில் அவர்கள் இருக்கிறார்கள். பையனின் அம்மாவோ தனக்குத் தெலுங்கில் ஒன்று வேண்டும் என்று மகனை அரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

தராசு ஒன்று வந்ததும் அடுக்களையில் மற்றவையும் வரிசையாகத் திருந்தின. ஓ.டி.ஜி.யின் திருகு குமிழில் 150, 170, 180, 200 டிகிரிக்கு நேராக எம்-சீல் புள்ளிகள். விரலால் எண்ணித் திருப்புகிறேன். வழவழ டச் பேனல் ஓவன் வாங்காமல் குமிழ் வைத்ததை வாங்கினால்தான் இது நடக்கும், நினைவிருக்கட்டும். மைதா டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், கஸ்டர்டுக்கு இரண்டு, பால் பவுடருக்கு மூன்று. டம்ளர் விளிம்பில் மாட்டினால் திரவம் தொட்டதும் கூவும் குட்டிக் கருவி ஒன்று உண்டு. சுடு பாலுக்கு அது. ஹைதராபாத்தில் பஞ்சாரா ஹில்ஸ் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும், சென்னைப் பக்கம் பூந்தமல்லியில் உள்ள தேசிய பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையத்திலும் மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவுகள் இருக்கின்றன. பார்வை போனதும் அடுப்பங்கரைப் பக்கமே போகாதே என்று யாரையாவது உட்கார வைத்திருந்தால், முதலில் அங்கே அழைத்துப் போங்கள்.

கண் இல்லாதவர் சமைத்தால் அதிசயமாகப் பார்க்கிறார்களே, அவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். 2012-ல் அமெரிக்க மாஸ்டர் செஃப் போட்டியில் பட்டம் வென்ற கிறிஸ்டின் ஹாவுக்குப் பார்வை இல்லை. பிரிட்டனின் பென்னி மெல்வில்-பிரவுன், கடற்படையில் அதிகாரியாக இருந்து பார்வையை இழந்தவர்; 'பேக்கிங் பிளைண்ட்' என்று வீடியோ போட்டே பேர் வாங்கி, 2017-ல் பார்வையற்றோருக்கான முதல் ஹோல்மன் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். கைத்திறமைக்கு எங்களிடம் பஞ்சமில்லை. கருவி வாயைத் திறந்தால் போதும்.

வாங்கப் போகிறவர்கள் நான்கு விஷயம் பாருங்கள். பொத்தான் தடவினால் தெரிய வேண்டும். எடை மாறியதும் கேட்காமலேயே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அழுத்தினால்தான் பேசும் என்றால் மாவுக் கையோடு அவஸ்தை. மைனஸ் சொல்ல வேண்டும். மிக்ஸி ஓடும்போதும் கேட்கிற அளவு சத்தம் வேண்டும். போனோடு புளூடூத்தில் பேசும் தராசு கிடைத்தால், அதன் செயலியை, போன் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கோ வாய்ஸ் ஓவரோ படிக்கிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். படிக்காவிட்டால் அதுவும் இன்னொரு ஊமைத் தராசுதான்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 43-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த நுகர்பொருட்களை உருவாக்க, தயாரிக்க, விநியோகிக்க அரசு ஊக்கம் தர வேண்டும் என்கிறது அது. சட்டம் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். மூணாவது வருஷ இன்ஜினியரிங் பையன் ஒருவன் குஜராத்தி கல்லி சாமானை வைத்துச் செய்ததை, லட்சக்கணக்கில் தராசு விற்கிற கம்பெனிகளால் செய்ய முடியாதா? ஒரு ஸ்பீக்கர், 130 ஒலித்துண்டு. முட்டி வலிக்குக் குனிய முடியாத தாத்தா, கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும் பாட்டி, சர்க்கரை நோய்க்குச் சோற்றை எடை போட்டுச் சாப்பிடுகிறவர், எண் வாசிக்கத் தெரியாத வேலைக்கார அம்மாள் என்று வாங்க ஆள் வரிசையில் நிற்கும்.

அதனால் ஒரு உதவி செய்யுங்கள். அடுத்த தடவை பாத்திரக் கடையில் தராசைக் கண்டால், விலை கேட்பதற்கு முன்னால் "இது பேசுமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி கம்பெனியைக் கேட்பார். தீபாவளி ஆர்டருக்கு இப்போதே எனக்கு இன்னொரு தராசு தேவைப்படுகிறது. இந்த முறை கடையிலேயே வாங்கிவிட ஆசை.